கீழ் வயலிலிருந்து ஒரு பை மண்

ஆகஸ்ட் 9

அன்புத் தம்பிக்கு,

இங்கே நான் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அந்த ஈரம் கசியும் தொட்டி அறையில் நாள் முழுக்கக் குனிந்து நின்றால் வலிக்காமல் என்ன செய்யும்? ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக்கொள். வெட்கப்படாதே.

என்னடா, அக்கா கடிதம் போட்டிருக்கிறாளே என்று பார்க்கிறாயா? போனில் நீ பேசினால் எனக்குப் பாதிதான் கேட்கிறது. கதிரடிக்கும் மெஷின் பக்கத்திலேயே இருபது வருஷம் நின்றதற்கு அது கொடுத்த பரிசு. கேட்காத பாதிக்கும் சேர்த்து "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். முக்கியமான விஷயத்தில் அப்படிச் செய்ய முடியாது.

என் மகள், உன் செல்ல மருமகள் வாலுவைக் கட்டிக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. சம்பந்தி வீடும் நம் ஐந்து வீட்டு விதைப்பு மெஷினில் பங்குதான். மெஷினுக்குப் பொறுப்பே அவர்தான். இந்த வருஷம் அவர் புதிதாக ஒரு சட்டம் போட்டிருக்கிறார். பட்டாணி போடுகிறவர்கள் நீ வேலை பார்க்கிற மண் பரிசோதனை நிலையத்துச் சீட்டைக் காட்ட வேண்டும். வேர் அழுகல் என்று சீட்டில் வந்தால் அந்த வயலில் மெஷின் இறங்காது.

எனக்குக் கீழ் வயலில் பட்டாணி போட வேண்டும். உனக்கு அந்த வயல் மறக்காது. உன் புது ஷூவில் ஒன்றை விழுங்கிவிட்டு இன்றுவரை திருப்பித் தராத கறுப்புக் களிமண். போன தடவை அங்கே பட்டாணி போட்டபோது தண்ணீர் நின்று பயிர் கொஞ்சம் மஞ்சளடித்தது. வேறு ஒன்றுமில்லை.

கல்யாணப் பேச்சு நடந்த அன்று சம்பந்தி நம் வரப்பில் நின்று, "நல்ல மண்ணு, நல்ல பொண்ணு, வேற என்ன வேணும்?" என்று சிரித்தார். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. அது மட்டும் நன்றாகக் கேட்டது.

உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். மண்ணை எப்படி எடுத்து அனுப்புவது என்று எழுது.

உன் அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாற்காலி கேட்டேன். கிடைத்தது. அதன் மேல் இப்போது தொட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மற்றபடி நலம். உன் காதை ஒரு டாக்டரிடம் காட்டினால் என்ன? யார் என்ன சொன்னாலும் "சரி" என்று சொல்லும் அக்காவை நான் பார்த்ததே இல்லை. பார்க்க ஆசையாக இருக்கிறது.

மண் எடுப்பதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. மேடான இடத்தில் எடுக்காதே. தண்ணீர் தேங்கும் மூலையில் எடு, போன தடவை மஞ்சளடித்த இடத்தில் எடு, வண்டி திரும்பித் திரும்பி மண் இறுகிப்போன வாசல் பக்கத்தில் எடு. நோய் இருந்தால் அங்கேதான் இருக்கும். பத்து இடத்திலாவது ஒரு சாண் ஆழம் தோண்டி, எல்லாவற்றையும் கலந்து ஒரு கிலோ அனுப்பு. வெயிலில் உலர்த்தாதே. ஈரத்தோடு பையில் கட்டு.

அந்த மண்ணை நான் சின்னத் தொட்டிகளில் போட்டு, பட்டாணி விதைத்து, வேண்டுமென்றே தண்ணீரை மிதமிஞ்சி ஊற்றுவேன். நான்கு வாரம் கழித்து வேரைக் கழுவிப் பார்ப்பேன். வெள்ளையாக இருந்தால் நல்லது. தேன் நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் அழுகல்.

ஒன்று கேட்க வேண்டும். மஞ்சளடித்தபோது செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தாயா? என்ன நிறம்? தண்ணீர் நின்றதால் வந்த மஞ்சள் வேறு, இது வேறு. இது என்றால் ஆறு, எட்டு வருஷத்துக்கு அங்கே பட்டாணியை மறந்துவிட வேண்டியதுதான். மருந்து கிடையாது. மண்ணிலேயே படுத்திருக்கும். ஒரு பிடி மண் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு போனால் போகிற இடத்திலும் குடியேறிவிடும். அதனால் உன் சம்பந்தி போட்ட சட்டம் நியாயமான சட்டம். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே, ஏற்கெனவே அவருக்குப் பெருமை அதிகம் என்று கேள்வி.

வேர் நிறத்தை மறக்காமல் எழுது.

தம்பி


செப்டம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

பையை இதோடு அனுப்பியிருக்கிறேன். மேலே "கீழ் வயல்" என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

போன ஞாயிறு வாலுவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். அவள் கொஞ்சம் இளைத்த மாதிரி எனக்குத் தெரிந்தது. கேட்டால், "அம்மா, நீ கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாரு" என்கிறாள். அந்த வீட்டில் இத்தனை காலம் கோதுமை மட்டும்தான். இவள்தான் பட்டாணி போடலாம் என்று மாப்பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். பட்டாணி போட்டால் மண்ணுக்கு உரம் தானாகக் கிடைக்கும், அடுத்த வருஷக் கோதுமை அமோகமாக விளையும் என்று எனக்கே பாடம் எடுத்தாள். எல்லாம் என்னிடம் கேட்டதுதான். மாப்பிள்ளை தலையாட்டினார். சம்பந்தி, "உங்க அம்மா போட்டா நாமளும் போடுவோம்" என்றாராம்.

இடுப்புக்கு ஒத்தடம் கொடு. சீக்கிரம் முடித்து அனுப்பு.

அக்கா


அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? சீட்டு இதோடு இருக்கிறது. சுத்தம். எட்டுத் தொட்டி வைத்தேன், எட்டிலும் வேர் பால் மாதிரி வெள்ளை. மண் சிவப்பாகப் பொலபொலவென்று தொட்டியில் கொட்டவே சுகமாக இருந்தது. "கீழ் வயல், வேர் அழுகல் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முத்திரையும் இருக்கிறது.

விதைப்பதற்குச் சில சொல்கிறேன். போன வருஷ விதையை அள்ளிப் போடாதே, முளைப்புத் திறன் பார்த்த நல்ல விதையாக வாங்கு. விதை நேர்த்தி செய்து, வேர் முடிச்சுக்கான நுண்ணுயிர்ப் பொடியை விதைக்கிற அன்றைக்கே கலந்து போடு. வெயிலில் வைத்தால் அது செத்துவிடும். இரண்டு அங்குல ஆழம் போதும். மண் ஈரமாகக் காலில் ஒட்டினால் இரண்டு நாள் பொறு, ஈரத்தில் மெஷினை இறக்கினால் மண் இறுகிப்போகும். ஆறு வாரத்தில் ஒரு செடியை மண்வெட்டியோடு தோண்டி எடுத்து முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் செடி நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சீட்டு எப்படி இருந்தாலும், மெஷின் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகும்முன் மண்ணைச் சுரண்டிக் கழுவச் சொல்.

வேர் நிறத்தைக் கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை.

தம்பி


அக்டோபர் 26

என் தங்கத் தம்பிக்கு,

நீ நூறு வருஷம் இரு. சீட்டை மெஷின் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் நீட்டினேன். சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு, "தம்பி கையெழுத்தே அழகா இருக்கு" என்றார். ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டாத குறை.

மெஷின் யாருக்கு முதலில் என்று போட்ட குலுக்கலில் முதல் சீட்டு எனக்கு, இரண்டாவது வாலு வீட்டுக்கு. நேற்று முன்தினம் காலையில் என் வயலில் விதைத்து முடித்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மெஷினைக் கழுவ அரை நாள் போகும். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். சம்பந்தி, "சுத்தமான மண்ணுதானே, எதுக்குக் கழுவிக்கிட்டு? மழை வர்றதுக்குள்ள ஓட்டு" என்றார். சக்கரத்தில் மண்ணோடு அப்படியே ஓட்டிப் போனார்கள். வாலு மெஷின் பின்னாலேயே நடந்தாள். அவளுடைய முதல் விதைப்பு. மழைக்கு முன் முடித்துவிட்டார்கள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இந்த வருஷம் நான் நிம்மதியாக இருக்கிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. கழுவச் சொன்னேனே. சக்கரத்தில் இருந்த மண் என்ன நிறம்? உழுமுனையில் ஒட்டியிருந்த மண்?

நேராகவே கேட்கிறேன். நீ எனக்கு அனுப்பிய மண்ணை எங்கே எடுத்தாய்?

போனில் கூப்பிட்டேன். நீ "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் சரி என்று பதில் வருகிற மாதிரி எதையும் கேட்கவில்லை.

தம்பி


டிசம்பர் 12

அக்கா,

பதில் இல்லை. உனக்குக் காதுதான் கேட்காது, கண் நன்றாகத்தானே இருக்கிறது? கீழ் வயல் மூலையில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார். வாலு வீட்டு வயலிலும் ஒன்றைப் பிடுங்கிப் பார். பார்த்ததை எழுது. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

உடம்பு நலம்தானே?

தம்பி


ஜனவரி 5

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. குளிருக்கு முழங்கால் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது.

கீழ் வயலில் வாசல் பக்கமும் மூலையிலும் மஞ்சளடித்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தேன். நீ எழுதிய அதே நிறம்தான். வேரைப் பிடித்து இழுத்தால் தோல் கையோடு வருகிறது, உள்ளே நூல் மாதிரி ஒன்றுதான் நிற்கிறது. கேட்கிறவர்களிடம் தண்ணீர் நின்றுவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். நம்புகிறார்கள். மழையும் பெய்ததுதானே.

வாலு வயலுக்கும் போனேன். அவள் பார்க்காத நேரமாக ஏழெட்டுச் செடிகளைப் பிடுங்கினேன். எல்லாம் வெள்ளை வேர். முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. இடுப்பளவு நிற்கிறது. பூத்துக் குலுங்குகிறது என்பார்களே, அதைப் போய்ப் பார்த்தால் தெரியும். பிடுங்கிய செடிகளை என்ன செய்வது என்று தெரியாமல் சேலைக்குள் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். திருடியவள் மாதிரி வரப்பில் நடந்தேன்.

அங்கே ஒன்றும் இல்லை. அப்படியென்றால் ஒட்டவில்லை என்றுதானே அர்த்தம்? அதை மட்டும் சொல்.

அக்கா


பிப்ரவரி 28

தம்பிக்கு,

என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. கோபமா? நான் உனக்குப் பதில் போடாத நாட்களைக் கணக்குப் பார்க்கிறாயா? பார்த்துக்கொள். எனக்கு அது வேண்டியதுதான்.

அறுவடை முடிந்தது. என் கீழ் வயலில் பாதிதான் தேறியது. வாலு வயலில் களம் கொள்ளவில்லை. சம்பந்தி ஒரு பிடி பட்டாணியை அள்ளி உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "மருமக கொண்டு வந்த பயிர்" என்கிறார். மாப்பிள்ளை வரும் அக்டோபரில் வயல் முழுக்கப் பட்டாணி போடப்போகிறாராம். கோதுமையே வேண்டாமாம். வாலுதான் சொல்லியிருக்கிறாள். "அம்மா சொல்லி எது தப்பா போயிருக்கு?" என்று என் முன்னாலேயே அவரிடம் கேட்டாள். நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். மண்ணைக் கல்மேட்டில் எடுத்தேன். பட்டாணியே பார்க்காத இடம். எடுத்து, கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, பை மேல் கீழ் வயல் என்று எழுதினேன். மூன்று வருஷத்துக்கு முன் மஞ்சளடித்தபோதே வேரைப் பார்த்தேன். இதே நிறம். உன் அத்தான் அப்போது உயிரோடு இருந்தார். "யாருகிட்டயும் சொல்லாத, மண்ணுக்குக் கெட்ட பேரு வந்தா போகாது" என்றார். அவர் சொன்னதை நான் காப்பாற்றினேன். வேறு எதையும் காப்பாற்றவில்லை.

அப்போது வாலு அந்த வீட்டுக்குப் போய் மூன்றே மாதம். "அழுகல் மண்ணு வீட்டுப் பொண்ணு" என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லிவிட்டால்? அதுதான் எனக்குப் பயம். வேறு காரணம் இல்லை.

இப்போது அங்கே ஒன்றும் இல்லை. வெள்ளை வேர். இப்படியே விட்டுவிடலாமா? நீ விடலாம் என்று சொன்னால் நான் தூங்கிவிடுவேன்.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை. உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ஏன் என்று இந்தக் கடிதத்தின் கடைசியில் தெரியும்.

விடலாம் என்று நான் சொல்ல முடியாது. முதல் வருஷம் தெரியாது, அக்கா. போன மண் ஒரு கூடை, அரைக் கூடை இருக்கும். அவர்கள் வயல் பெரிது. எங்கோ நான்கு செடியில் மட்டும் தொற்றியிருக்கும், நீ பிடுங்கிய ஏழெட்டில் அது அகப்படவில்லை. அந்த நான்கு செடியின் வேர் அழுகி மண்ணோடு கலந்தபோது நான்கு நானூறாகியிருக்கும். அவர்கள் கோதுமை, கடுகு என்று ஆறு, எட்டு வருஷம் மாற்றிப் போட்டால் அது பசியிலேயே கிடந்து குறைந்துபோகும். வரும் அக்டோபரிலேயே வயல் முழுக்கப் பட்டாணி போட்டால் விருந்து வைத்த மாதிரி. இரண்டாம் வருஷம் மூலையில் மஞ்சள் தெரியும், அடுத்த வருஷம் வயலே மஞ்சள். அப்போதும் வாலு, "அம்மா சொல்லித்தானே" என்பாள்.

அதனால் அக்டோபருக்கு முன் நீ சொல்ல வேண்டும். வாலுவிடம் மட்டும் போதாது. கொட்டகையில் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பிறகு மெஷின் மூன்று வீட்டுக்குப் போயிருக்கிறது.

இனி என் பங்கு. பையை அவிழ்த்த அன்றே எனக்குத் தெரியும். கீழ் வயல் கறுப்பு, உள்ளே இருந்தது சிவப்பு, அதுவும் காய்ந்த சிவப்பு. அந்த வயலில் ஷூவை விட்டவனுக்கு அது தெரியாதா? கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். நீ என்னிடம் முதன்முதலாகக் கேட்டது. அத்தான் போனபோது நான் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். "அக்கா, இது கீழ் வயல் மண் இல்லை" என்று ஆறு வார்த்தை எழுத எனக்குக் கை வரவில்லை. எட்டுத் தொட்டியும் வைத்து, எட்டையும் ஒழுங்காகப் பார்த்து, பொய்யான பெயருக்குக் கீழே உண்மையான முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "எங்கே எடுத்தாய்" என்று பிறகு உன்னைத் துருவித் துருவிக் கேட்டேனே, தெரியாமல் கேட்கவில்லை. நீயே சொல்லிவிட்டால் என் பாரத்தில் பாதி குறையும் என்று கேட்டேன்.

நீ சொல்லும்போது என்னையும் சேர்த்துச் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 28

தம்பிக்கு,

ஆறு மாதம் உனக்கு எழுதவில்லை. நீ போட்ட மூன்று கடிதமும் வந்தது. படித்தேன். அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். எடுத்து மறுபடி படித்தேன்.

நேற்று கொட்டகையில் குலுக்கல். ஐந்து வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். வாலு எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். சம்பந்தி சீட்டுகளை மடித்து டப்பாவில் போட்டுவிட்டு, "யார் யார் பட்டாணி?" என்று கேட்டார். மாப்பிள்ளை முதலில் கை தூக்கினார். நான் எழுந்து நின்றேன்.

"எனக்குச் சீட்டு எழுதாதீங்க. என் கீழ் வயல்ல மூணு வருஷமா வேர் அழுகல் இருக்கு. போன வருஷம் காட்டினது கல்மேட்டு மண்ணு. தெரிஞ்சுதான் செஞ்சேன். அந்த மெஷின்தான் உங்க வயலுக்கு வந்துச்சு."

எனக்குக் காது கேட்காது, உனக்குத் தெரியும். நேற்று கொட்டகையில் யாரும் எதுவும் பேசாதது எனக்குக் கேட்டது.

சம்பந்திதான் முதலில், "எங்க வயல்ல ஒண்ணும் வரலையே, இப்ப எதுக்கு இதைச் சொல்றீங்க?" என்றார். கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார், தம்பி. அந்தப் பெருமைக்காரர் என்னிடம் கெஞ்சினார். "வரும். இந்த அக்டோபர்ல போட்டீங்கன்னா வரும்" என்றேன். மற்றவர்களில் ஒருவர், "மூணு வருஷமாத் தெரியுமா உங்களுக்கு?" என்று கத்தினார். தெரியும் என்றேன். மாப்பிள்ளை எழுந்து போய் மெஷின் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காய்ந்த மண்ணைச் சாவியால் சுரண்ட ஆரம்பித்தார். பத்து மாதப் பழைய மண். அதைச் சுரண்டி என்ன ஆகப்போகிறது? அவருக்கும் தெரியும். சுரண்டிக்கொண்டே இருந்தார்.

வாலு டீ கெட்டிலைக் கீழே வைத்தாள். "எனக்காகத்தான் செஞ்சேன்னு மட்டும் சொல்லாதம்மா" என்றாள். நான் அதைத்தான் சொல்ல வாயைத் திறந்திருந்தேன். மூடிக்கொண்டேன்.

உனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னை ஏமாற்றினேன் என்றே சொன்னேன். அதை நீயும் கெடுக்காதே. ஒருத்தர் போதும்.

நல்லபடியாக இரு. எனக்கு வேறு எழுத வரவில்லை.

அக்கா


செப்டம்பர் 17

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்க இந்தத் தடவை மனசு வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். இடுப்பு வலி தேவலையா?

உங்கள் கடிதம் வந்தது. அம்மா கொட்டகையில் உங்களை ஏமாற்றியதாகத்தான் சொன்னார்கள். ஏமாந்துபோன தம்பி என்று உங்களுக்காக நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். பையை அவிழ்த்ததுமே தெரியும் என்று நீங்களே எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். மேலதிகாரியிடம் போய்ச் சொன்னதையும், உங்களைக் கையெழுத்துப் போடும் வேலையிலிருந்து எடுத்துவிட்டதையும் எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட முடியவில்லை. வருத்தப்படவும் முடியவில்லை.

இங்கே நிலைமை இதுதான். எங்கள் வயலில் எட்டு வருஷத்துக்குப் பட்டாணி இல்லை. கோதுமைதான். மற்ற மூன்று வீட்டிலும் பரிசோதனை முடியும்வரை இல்லை. என் மாமனார் அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. சாப்பிடும்போது என் பக்கம் பார்க்காமல் உப்பைக் கேட்கிறார். "மருமக கொண்டு வந்த பயிர்" என்று ஊரெல்லாம் சொன்னவர். என் வீட்டுக்காரர் மட்டும், "உங்க அம்மா இன்னும் ரெண்டு மாசம் சும்மா இருந்திருந்தா நாம விதைச்சிருப்போம். அதையும் நினைச்சுப் பாரு" என்கிறார். நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் அம்மாவிடம் இன்னும் பேசவில்லை. நேற்று வரப்பில் தூரத்தில் நின்று கையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். அவ்வளவுதான்.

கல்யாணம் ஆன புதிதில் இந்த வீட்டில் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று நான் ஒரு நாளும் பயந்ததில்லை, மாமா. நீங்கள் இரண்டு பேரும்தான் எனக்காகப் பயந்தீர்கள்.

இதோடு ஒரு பை மண் அனுப்பியிருக்கிறேன். எங்கள் வயலில் என் கையால் பத்து இடத்தில் தோண்டினேன், என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று எண்ணினார். ஒரு சாண் ஆழம், ஈரம் காயவில்லை. எட்டு வருஷமா, பத்து வருஷமா என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். சீட்டில் கையெழுத்தை வேறு யாராவது போடட்டும். வேரைக் கழுவிப் பார்க்கிறது நீங்கள் பாருங்கள்.

பை மேல் எந்த இடம் என்று எழுதவில்லை. பார்த்தால் உங்களுக்குத் தெரியும். தெரிந்ததை எழுதுங்கள்.

வாலு